மஞ்சட்கரு வெளுக்கிறதா? வளவில் கோழி வளர்க்கத் தொடங்குவோருக்கு

சென்ற ஆண்டு ஆவணி மாதம், என்னிடம் வழமையாக முட்டை வாங்கும் அக்கா ஒருவர் ஐந்து முட்டைகளைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஆறாவதை உடைத்து, ஒரு பீங்கான் கோப்பையில் ஊற்றி, தட்டால் மூடிக் கையோடு எடுத்து வந்திருந்தார். "தங்கச்சி, கோபித்துக்கொள்ளாதீர்கள். இது ஊர்க்கோழி முட்டை மாதிரி இல்லை. எங்கேயோ கடைமுட்டை கலந்துவிட்டது போல" என்றார். பெரியபிள்ளையாகியிருந்த மகளுக்கு நல்லெண்ணெயோடு கொடுப்பதற்காக வாங்கிய முட்டைகள் அவை. கோப்பைக்குள் பார்த்தேன். மஞ்சட்கரு எலுமிச்சம்பழத் தோலை விடவும் வெளிறி இருந்தது. முட்டை என் கோழிகளுடையதுதான். அன்று விடியற்காலையில் கூட்டிலிருந்து என் கையால் எடுத்தது. ஆனாலும் அந்த நிறத்தைப் பார்த்த எவருக்கும் அந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

திருகோணமலை உப்புவெளியில் சித்திரைக்குப் பிறகு ஒழுங்காக மழை விழவில்லை. கச்சான் காற்று அடித்து வளவிலிருந்த புல்லெல்லாம் கருகிப் போயிருந்தது. நானோ குறுணல் அரிசியையும் தவிட்டையும் போட்டுக் கோழிகளின் வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்தேன். காரணம் அதுதான். அதைத் திருத்த எனக்கு ஏறக்குறைய 2 வாரம் பிடித்தது. இன்று நாலு கோழி வாங்கி விட்டிருப்பவர்கள் அதே தவறைச் செய்யாதிருக்க, தெரிந்ததை எழுதுகிறேன்.

நிறம் எங்கிருந்து வருகிறது

மஞ்சட்கருவின் நிறத்தைக் கோழியின் உடல் தானாக உண்டாக்குவதில்லை. தின்ற தீனியிலிருந்துதான் எடுக்கிறது. தாவரங்களில் இருக்கும் கரோட்டினொயிட் என்ற நிறப்பொருட்களில் ஒரு பிரிவு சாந்தோபில். லூட்டின், சீயாசாந்தின் இரண்டும் அதில் முக்கியமானவை. இவை கொழுப்பில் கரைபவை. குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தில் கலந்து, கொழுப்பு நிறைந்த மஞ்சட்கருவில் போய்ப் படிகின்றன. தீனியில் அவை இல்லாவிட்டால் மஞ்சட்கரு வெளுக்கும். கோழி ஊர்க்கோழியா, பண்ணைக் கோழியா என்பது இந்தக் கணக்கில் இரண்டாம் பட்சம்.

கீரையில் மஞ்சள் எங்கே இருக்கிறது என்று பலர் கேட்பதுண்டு. முருங்கை இலை பழுத்து உதிரும் நாளில் பாருங்கள். பச்சையம் சிதைந்தபின் உள்ளே மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரியும். அந்த மஞ்சள்தான் முட்டைக்குள் போகிறது.

திருகோணமலைக்காரருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம்மைச் சுற்றி இருப்பது நெல். தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் விளைகிற நெல்லால் குறுணலும் தவிடும் எங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கின்றன. வீட்டில் மிஞ்சுவதும் சோறுதான். வெள்ளையரிசி, குறுணல், தவிடு, பழஞ்சோறு எதிலும் மஞ்சட்கருவுக்கான நிறப்பொருள் இல்லையென்றே சொல்லலாம். தேங்காய்ப் புண்ணாக்கிலும் அப்படித்தான். கோழி கொழுகொழுவென்று இருக்கும், முட்டையும் இடும், உடைத்தால் வெளிறியிருக்கும்.

பத்து நாள் கணக்கு

முட்டையிடும் கோழியை வெட்டித் துப்புரவு செய்தவர்களுக்கு அதன் உள்ளே இருக்கும் முட்டைக்குலை தெரியும். கடுகளவு, மிளகளவு, போளையளவு, பிறகு முழு அளவு என்று வரிசையாகத் தொங்கும். சிறியவை வெண்மையாக இருக்கும். வளரத் தொடங்கியவை மட்டும் மஞ்சளாக இருக்கும். ஒரு கரு அந்த வெள்ளைக் குருணியிலிருந்து முழு மஞ்சட்கருவாக வளர ஏறத்தாழ 8 முதல் 10 நாட்கள் எடுக்கும். அந்த நாட்களில் வெங்காயத்தின் தோல் போல அடுக்கடுக்காகப் படிந்துகொண்டே வரும். அதன்பின் வெள்ளைக்கரு, ஓடு எல்லாம் சேர்வதற்கு ஒரு நாளுக்குச் சற்று மேல்தான்.

நீங்கள் தீனியை இன்று மாற்றினால், 3 அல்லது 4 நாட்களில் ஒரு சிறு வேறுபாடு தெரியும். முழு நிறம் வர 10 முதல் 12 நாட்கள் பொறுக்க வேண்டும். தொடங்குபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் பொறுமை இழக்கிறார்கள். நாலு நாள் கீரை போட்டுவிட்டு, "ஒன்றும் நடக்கவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். உள்ளே பாதி வளர்ந்து நிற்கிற கருக்கள் பழைய தீனியில் வளர்ந்தவை. அவை வெளியே வந்து தீர வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியது: வெள்ளைத் தட்டு

தீனியில் கைவைக்கும் முன் இப்போதைய நிறத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பண்ணைக்காரர்கள் இதற்கு விசிறி போல விரியும் நிற அட்டை ஒன்றை வைத்திருப்பார்கள். 1 என்பது மிக வெளிறிய மஞ்சள், 15 என்பது செம்மஞ்சள். வீட்டுக்கு அது தேவையில்லை. ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டும் பகல் வெளிச்சமும் போதும். குசினி மின்விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் பார்க்காதீர்கள், வெளிறிய கருவும் அதில் அழகாகத் தெரியும்.

முட்டையை எடுத்த அன்றே பென்சிலால் ஓட்டில் திகதியை எழுதுங்கள். எந்தக் கோழியுடையது என்று தெரிந்தால் அதையும் ஒரு எழுத்தால் குறியுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு முட்டையைத் தட்டில் உடைத்து, அதே இடத்தில், அதே நேரத்தில் கைத்தொலைபேசியால் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு அந்த முட்டையைப் பொரித்துச் சாப்பிடலாம், ஒன்றும் வீணாகாது. நான் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் ஆனி முதல் ஆவணி வரை நிறம் படிப்படியாக இறங்கியதைக் கண்டேன். நாள்தோறும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அடித்தீனி: சோளம்

இந்தியத் தமிழ் வீடியோக்களைப் பார்த்துத் தீனி கலப்பவர்களுக்கு ஒரு சொல் எச்சரிக்கை. நாங்கள் சோளம் என்பதை அவர்கள் மக்காச்சோளம் என்பார்கள். அவர்கள் சோளம் என்பது எங்கள் இறுங்கு. நிறத்துக்கு வேண்டியது எங்கள் மஞ்சள் சோளம். இறுங்கில் நிறம் மிகக் குறைவு. கோதுமையிலும் வெள்ளைச் சோளத்திலும் கூட அப்படியே.

ஒரு கிலோ மஞ்சள் சோளத்தில் ஏறத்தாழ 20 மில்லிகிராம் சாந்தோபில் இருக்கும். பெரிய அளவு இல்லை. ஆனால் கோழி அதைத்தான் நிறையத் தின்கிறது என்பதால் மஞ்சட்கருவின் அடி நிறம் அங்கிருந்தே வருகிறது. சோளம் பழையதானால் அதன் நிறப்பொருளும் சிதையும். வெளிச்சமும் சூடும் அதற்கு எதிரி. தகரக் கொட்டிலில் மாதக்கணக்கில் வைத்திருந்த சோளத்தை விட, இரண்டு வாரத்துக்குப் போதுமான புதிய சோளத்தை வாங்கி, மூடியுள்ள வாளியில் நிழலில் வைப்பது நல்லது. மாரி காலத்தில் ஈரம் பிடித்துப் பச்சையாகவோ கருப்பாகவோ பூஞ்சணம் பூத்த சோளத்தைக் கோழிக்குக் கொடுக்கவே வேண்டாம். அதிலுள்ள நஞ்சு ஈரலைத் தாக்கும். நிறம் குறைவது அதன் மிகச் சிறிய தீமை.

புதிதாகத் தொடங்குபவர் முழுத் தீனியையும் வீட்டில் கலக்க முயல வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முட்டையிடும் கோழிக்கு 16 முதல் 18 சதவீதம் வரை புரதமும், ஓட்டுக்கு 3.5 முதல் 4 சதவீதம் வரை கல்சியமும் தேவை. இதைத் தவிட்டிலும் குறுணலிலும் எட்ட முடியாது. கடையில் விற்கும் முட்டைக்கோழித் தீனியை அடிப்படையாக வையுங்கள். கலப்பினக் கோழி ஒன்று நாளுக்கு 100 முதல் 120 கிராம் வரை தின்னும். ஊர்க்கோழிக்கு அதைவிடக் குறைவாகப் போதும். வெளியே மேயும் கோழி என்றால் இன்னும் குறையும். கீரையும் மற்றப் பண்டங்களும் இதற்கு மேலதிகமாகப் போகட்டும். தீனியின் இடத்தைப் பிடித்துவிட்டால் முட்டையின் எண்ணிக்கை இறங்கும்.

கீரை: மெனக்கெட வேண்டிய இடம்

நிறத்துக்கு மிகச் சிறந்த, செலவே இல்லாத வழி முருங்கை. திருகோணமலையில் முருங்கை இல்லாத வளவு அபூர்வம், அதுவும் கச்சான் காலத்திலும் தளிர்க்கிற மரம். ஒரு கோழிக்கு நாளுக்கு 20 கிராம் பச்சை இலை, அதாவது ஆறு கோழிக்கு இரண்டு கை நிறைய இலைக்கொத்து போதும். நிலத்தில் போட்டால் மிதித்து, எச்சமிட்டு, பாதியை வீணாக்கும். கொத்தைச் சணல் கயிற்றால் கட்டி, கோழியின் கண் உயரத்தில் தொங்கவிடுங்கள். முதல் நாள் என் கோழிகள் அதைப் பாம்பைப் பார்ப்பது போலத் தள்ளி நின்று பார்த்தன. துணிந்த ஒரு பேடு வந்து ஒரு இலையைக் கொத்தி இழுத்தது. கொத்து ஆடியதும் எல்லாம் ஓடின. ஆடி நின்றதும் திரும்பி வந்தன. மறுநாள் மாலைக்குள் ஈர்க்கு மட்டும்தான் கயிற்றில் தொங்கியது.

மழைக்காலத்தில் இலை மலிந்து கிடக்கும்போது உலர்த்தி வையுங்கள். வெயிலில் உலர்த்தாதீர்கள். சுளகில் பரப்பி, காற்றோடும் நிழலில் மூன்று நான்கு நாள் வைத்தால், கையால் கசக்கும்போது நொறுங்கும். அப்போதும் பச்சை நிறம் மாறாமல் இருக்க வேண்டும். பழுப்பாகிவிட்டால் அதில் நமக்கு வேண்டியது போய்விட்டது என்று பொருள். தூளை இறுக்கமாக மூடிய போத்தலில், இருட்டான இடத்தில் வையுங்கள். ஆறு கோழியின் ஒரு நாள் தீனிக்கு மூன்று மேசைக்கரண்டி கலக்கலாம்.

முருங்கை தவிர, கிணற்றடியில் கழிவுநீர் ஓடும் இடத்தில் கங்குன், பொன்னாங்கண்ணி, வல்லாரை, பசளி எது வளர்ந்தாலும் நல்லதே. சவர்க்கார நீர் தேங்கும் இடத்தை மட்டும் தவிருங்கள். அகத்தி இலையும் போடலாம். நீளமான புல்லை அப்படியே போடாதீர்கள், அறுகம்புல்லானாலும் விரல் நீளத்துக்கு வெட்டுங்கள். நீண்ட நார் கழுத்தடியிலுள்ள தீன்பையில் சுருண்டு அடைத்துக்கொள்ளும். கூட்டிலேயே அடைத்து வளர்ப்பவர்கள் சிறு கற்களும் ஒரு சிரட்டையில் வைக்க வேண்டும், இலையை அரைக்க அது தேவை. வயல் வரம்பில் அறுத்த புல் வேண்டாம். களைநாசினி அடித்த வரம்பா இல்லையா என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

நீரில் மிதந்து வளரும் அசோலா என்ற சிறு செடியும் நல்ல பச்சைத் தீனி. தரையில் செங்கல் அடுக்கி, தடித்த பொலித்தீன் விரித்து, கொஞ்சம் மண்ணும் பழைய மாட்டுச் சாணமும் போட்டு, ஒரு சாண் உயரத்துக்குள் நீர் விட்டால் போதும். கைப்பிடி அசோலாவைத் தூவினால் இரண்டு வாரத்தில் பரவி மூடும். நமது வெயிலில் முழுத் திறந்த வெளியில் வைத்தால் சிவந்து சுருங்கும், ஆகவே தென்னோலையால் பாதி நிழல் கொடுங்கள். தேங்கிய நீர் என்பதால் டெங்கு நுளம்பு பெருக இடம் கொடுக்கக் கூடாது. இரண்டு மூன்று சிறு மீன்களை அதற்குள் விட்டு வையுங்கள். எடுத்த அசோலாவை நல்ல நீரில் அலசி, ஈரம் வடியவிட்டுத் தீனியோடு கலந்தால் சாண மணம் போய்விடும்.

கீரை கொடுக்கும்போது சிறிது கொழுப்பும் வேண்டும். நிறப்பொருள் கொழுப்பில் கரைவது என்று முன்பு சொன்னேன். பால் பிழிந்த தேங்காய்ப்பூ எங்கள் வீடுகளில் நாள்தோறும் மிஞ்சுகிறது. அதில் நிறம் இல்லை, ஆனால் ஒட்டியிருக்கும் எண்ணெய் இலையின் நிறம் உடலில் சேர உதவும். அன்றன்று பிழிந்த பூவாக இருக்கட்டும். காறல் மணம் வந்த பூவோ பழைய எண்ணெயோ போட்டால் எதிர்விளைவுதான், கெட்ட கொழுப்பு நிறப்பொருளை அழிக்கும்.

செம்மஞ்சள் வேண்டுமானால்

கீரையும் சோளமும் தருவது மஞ்சள். முட்டை அப்பத்தின் நடுவில் சூரியன் போல இருக்கிற அந்தச் செம்மஞ்சளுக்குச் சிவப்பு நிறப்பொருளும் சேர வேண்டும். அதற்கு எங்களிடம் இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று செத்தல் மிளகாய். அதன் சிவப்பு கப்சாந்தின் என்ற கரோட்டினொயிட். கோழிக்கு உறைக்காதா என்று எல்லோரும் கேட்பார்கள். உறைக்காது. மிளகாயின் உறைப்பை உணரும் ஆற்றல் பறவைகளுக்கு இல்லை, கிளிகள் மிளகாய்ச் செடியைச் சூறையாடுவது அதனால்தான். ஆறு கோழிக்கு நாளுக்கு ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள் போதுமானது. கடைத்தூளில் வேறு நிறம் கலந்திருக்கக்கூடும், ஆகவே வீட்டில் இடித்ததைப் போடுங்கள். கலக்கும்போது மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள், உறைப்பு உங்களுக்கு உண்டு.

இரண்டாவது இறால் தலை. கிண்ணியாவிலும் தம்பலகாமக் களப்புப் பக்கத்திலும் இறால் மலிவாக வரும் நாட்களில் தலையும் ஓடும் குப்பைக்குத்தான் போகின்றன. அவற்றில் அஸ்டாசாந்தின் என்ற நிறப்பொருள் இருக்கிறது. இறாலை அவிக்கும்போது சிவக்கிறதே, அந்தச் சிவப்பு. தலைகளை உப்பில்லாமல் அவித்து, நன்கு உலர்த்தி, உரலில் இடித்து வைத்துக்கொண்டு ஒரு கோழிக்கு நாளுக்கு ஒரு தேக்கரண்டி கொடுங்கள். புரதமும் கல்சியமும் கூடவே கிடைக்கும். அளவு மீறினால் முட்டையில் மீன் வெடுக்கு வரும், அதுவும் சிவப்பு ஓட்டு முட்டையிடும் சில கோழிகளில் விரைவாக வரும். வெடுக்கு வந்தால் உடனே நிறுத்திவிட்டு இரண்டு வாரம் பொறுங்கள். கருவாட்டுத் தலை போடுகிறவர்கள் இரவு முழுதும் நீரில் ஊறவைத்து, நீரை இரண்டு முறை மாற்றி உப்பை எடுக்க வேண்டும். உப்பு மிகுந்தால் கோழி செத்துவிடும்.

மஞ்சள் அடி இல்லாமல் சிவப்பை மட்டும் கொடுத்தால் கரு இளஞ்சிவப்புச் சாயலில் விகாரமாகத் தெரியும். ஆகவே முதலில் கீரை, ஒரு வாரம் கழித்துச் சிவப்பு என்ற வரிசையைக் காப்பாற்றுங்கள்.

செவ்வந்தி பற்றியும் ஒரு வார்த்தை. மாலை கட்டும் அந்தத் தடித்த செம்மஞ்சள் பூவைத்தான் சொல்கிறேன், துலுக்கச் செவ்வந்தி என்றும் சொல்வார்கள். உலர்ந்த இதழில் கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் லூட்டின் இருக்கும். உலகம் முழுவதும் கோழித் தீனி உற்பத்தியாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். பத்திரகாளி அம்மன் கோயிலில் சாற்றிய மாலையைக் கொண்டுவந்து கோழிக்குப் போட எனக்கு மனம் வராது. சந்தைக்கு வருகிற பூவில் பூச்சிமருந்தும் இருக்கலாம். நாலு செடியை வேலியோரம் நட்டுவிட்டேன். இதழை மட்டும் பிய்த்து நிழலில் உலர்த்தி, ஆறு கோழிக்கு ஒரு தேக்கரண்டி.

வேலை செய்யாதவையும் கொடுக்கக் கூடாதவையும்

கரட் போட்டால் கரு சிவக்கும் என்பது பரவலான நம்பிக்கை. கரட்டில் இருப்பது பெரும்பாலும் பீட்டா கரோட்டின். கோழி அதை விட்டமின் ஏ ஆக மாற்றிவிடும், கருவுக்கு வருவது சொற்பம். கொடுப்பதில் தீங்கில்லை. பீட்ரூட்டின் சிவப்பு நீரில் கரைவது, கருவில் சேராது. மஞ்சள் தூளை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம், அதன் நிறம் வேறு வகையைச் சேர்ந்தது. பூசணியும் பப்பாசிப்பழமும் ஓரளவு உதவும்.

மரவள்ளி இலையும் தோலும் பச்சையாக வேண்டாம், சயனைட் நஞ்சு உண்டு. வேலிக்கு நடும் கிளிசரியா இலையை ஆடு மாடு தின்னும், கோழிக்கு ஆகாது. இப்பில் இப்பில் இலை நிறத்தை நன்றாக ஏற்றும். ஆனால் அதிலுள்ள மைமோசின் அளவு மீறினால் முட்டையிடுவதையே குறைத்துவிடும், பழகாதவர்கள் தொடாதிருப்பது நல்லது. அவகாடோவின் இலை, தோல், விதை மூன்றும் நஞ்சு. பருத்திக்கொட்டைப் புண்ணாக்குத் தின்ற கோழியின் மஞ்சட்கரு வைத்திருக்க வைத்திருக்கப் பச்சை கலந்த பழுப்பாக மாறும். அவித்த முட்டையின் மஞ்சட்கருவைச் சுற்றி வரும் பச்சை வளையம் வேறு விடயம். அது அதிக நேரம் அவித்ததால் இரும்பும் கந்தகமும் சேர்ந்து உண்டாவது, கோழியின் தீனிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எல்லாம் கொடுத்தும் வெளுத்தால்

எல்லாக் கோழிகளின் முட்டையும் வெளுத்திருந்தால் தீனியைப் பாருங்கள். ஒன்றினுடையது மட்டும் வெளுத்திருந்தால் அந்தக் கோழியைப் பாருங்கள். ஓட்டில் எழுத்துக் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

குடற்புழு இருந்தாலும், இரத்தக் கழிச்சல் நோய் வந்து போயிருந்தாலும், தின்ற நிறப்பொருளைக் குடல் உறிஞ்சாது. எச்சத்தைப் பாருங்கள். நீர்த்தோ இரத்தம் கலந்தோ இருந்தால், இறகை விரித்துத் தூங்கி விழுந்தால், தாமதிக்காமல் அருகிலுள்ள அரச கால்நடை வைத்தியரிடம் போங்கள். புழு மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, மற்றக் கோழிகள் கொத்தி விரட்டுவதால் ஒரு கோழிக்குக் கீரை கிடைக்காமல் போகும். கொத்தை இரண்டு இடத்தில் தொங்கவிட்டால் அது தீரும்.

நோயே இல்லாமலும் ஒரு வேறுபாடு வரும். என்னிடம் ஒரு கலப்பினப் பேடு கிட்டத்தட்ட நாள்தோறும் இடும், ஊர்ப் பேடு வாரத்துக்கு மூன்று இடும். ஒரே தீனி, ஒரே வளவு. ஊர்ப் பேட்டின் கரு எப்போதும் ஒரு படி அழுத்தமாக இருக்கும். தின்ற நிறப்பொருள் எண்ணிக்கையில் குறைந்த முட்டைகளுக்குள் பங்கிடப்படுவதால் அப்படி. ஊர்க்கோழி முட்டைக்கு இருக்கிற பெயரில் ஒரு பகுதி இதிலிருந்தும் வந்தது.

வைகாசி முதல் புரட்டாதி வரை வெப்பம் ஏறும் நாட்களில் கோழி தீனியையே குறைத்துவிடும். தண்ணீரை நிழலில் வைத்து, நண்பகலில் ஒருமுறை மாற்றி, தீனியை விடியற்காலையிலும் மாலை வெயில் தாழ்ந்த பிறகும் போடுங்கள். கீரையையும் மாலையிலேயே தொங்கவிடுங்கள், பகலில் கட்டினால் ஒரு மணி நேரத்தில் வாடிச் சருகாகிவிடும்.

விற்பவர்களுக்கு

திருப்பிக் கொண்டுவந்த அக்காவிடம் நான் அன்று சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். வெளிறிய கருவிலும் புரதம் அதே அளவுதான். அழுத்தமான கருவில் லூட்டின் அதிகம். கண்ணின் விழித்திரை நடுவில் சேர்கிற நிறப்பொருள் அது, முட்டையின் கொழுப்போடு வருவதால் நம் உடலும் அதை நன்றாக உறிஞ்சும். அதற்கு மேல் நிறத்தை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. பண்ணைத் தீனியில் நிறப்பொருளைக் கலந்தால் கூட்டுக்குள் அடைபட்ட கோழியும் செம்மஞ்சள் கரு இடும். ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது, தீனியைப் பொறுத்தது இல்லை. எவ்வளவு அழுத்தமான நிறமாக இருந்தாலும் பச்சை முட்டையில் சல்மொனெல்லா கிருமி இருக்க முடியும். அதனால் பெரியபிள்ளையான மகளுக்கும், பிள்ளை பெற்றவர்களுக்கும், சிறுவர்களுக்கும் முட்டையை அவித்தே கொடுக்கும்படி அவரிடம் கேட்டுக்கொண்டேன். வீட்டு வழக்கத்தில் தலையிடுகிறேனோ என்று தயக்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொன்னேன். நல்லெண்ணெயைத் தனியாகக் கொடுக்கலாம் என்று அவரே முடிவு செய்தார்.

பணத்தை அவர் வாங்க மறுத்துவிட்டார். 12 நாள் கழித்து, முருங்கையும் இறால் தூளும் தின்ற கோழிகளின் ஆறு முட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் வைத்தே ஒன்றை உடைத்துப் பார்த்தார், அதே பீங்கான் கோப்பையில்.

அடுத்த கச்சானுக்கு இப்போதே ஆயத்தம் செய்ய வேண்டும். ஐப்பசியில் முதல் மழை மண்ணை நனைத்தவுடன், கை மொத்தத்தில் இரண்டு முருங்கைத் தடிகளை முழங்கை ஆழத்துக்கு ஊன்றுங்கள். தண்ணீர் தேங்காத மேட்டில் ஊன்ற வேண்டும், மார்கழி வெள்ளம் நின்றால் அழுகிவிடும். ஆள் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பிரிந்து, கைக்கெட்டும் உயரத்திலேயே இலை கிடைக்கும். அதுவரை கோழி கொத்தாதபடி சுற்றிலும் பழைய மீன் வலையைக் கட்டி வையுங்கள்.